நின்றுகொண்டு குடித்தவன்

லூ சுன்னின் ‘கோங் யீஜி’ கதையைக் கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஆங்கிலத்தில் வாசித்தேன். கிழிந்த அங்கி போட்ட ஓர் ஆள், கையில் கண்ணாடிக் கோப்பை, அதில் சிவப்பாகத் திராட்சை மது. இதுதான் மனதில் ஓடிய காட்சி. மொழிபெயர்ப்பில் ‘ஒயின்’ என்று போட்டிருந்தால் வேறு என்னதான் தோன்றும்? முடித்துவிட்டு, “படிச்சு வீணாப்போன குடிகாரன் கதைடா” என்று ஹாஸ்டல் நண்பனிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எவ்வளவு தப்பு என்று புரிய, முதலில் அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று தெரியவேண்டியிருந்தது.

சீனத்தில் ‘ஜியு’ என்பது ஒரு பொதுச்சொல். பீர், திராட்சை மது, எரிசாராயம் எல்லாமே ஜியுதான். கோங் யீஜி குடித்தது ஹுவாங்ஜியு, அதாவது ‘மஞ்சள் மது’. லூ சுன்னின் சொந்த ஊரான ஷாவோசிங் அதற்குப் பேர்போனது. பசையரிசியை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, கோதுமையில் வளர்த்த ‘ச்சூ’ என்ற நொதியைக் கலந்து புளிக்கவைப்பார்கள். ச்சூவில் உள்ள பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். கூடவே இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கும். இரண்டு வேலையும் ஒரே பானையில், ஒரே நேரத்தில். ஆல்கஹால் சுமார் 15 சதவீதம். குளிர்காலத்தில் சுடுநீரில் வைத்துச் சூடாக்கிக் குடிப்பது வழக்கம். கதைசொல்லிப் பையனுக்கு மதுக்கடையில் கடைசியில் வாய்ப்பதும் இந்தச் சூடாக்கும் வேலைதான். வாடிக்கையாளர் கண்முன்னே தண்ணீர் கலக்கும் சாமர்த்தியம் அவனுக்கு இல்லை.

1919இல் வெளியான இந்தக் கதையை நான் இப்போது ஒரு விலைப்பட்டியலாகத்தான் வாசிக்கிறேன். ஒரு கிண்ணம் மது 4 செப்புக்காசு. கூட 1 காசு கொடுத்தால் ஒரு தட்டு சோம்பு போட்ட அவரை. குட்டைச் சட்டைக்காரர்கள், அதாவது கூலியாட்கள், கவுன்ட்டரில் நின்றபடி குடிப்பார்கள். நீள அங்கிக்காரர்கள் உள்ளறையில் உட்கார்ந்து சாவகாசமாகக் குடிப்பார்கள். நீள அங்கி போட்டும் நின்று குடிக்கிறவன் கோங் யீஜி ஒருவன் மட்டுமே. தேர்வில் தேறாத படிப்பாளி.

அவன் 9 காசு எடுத்து வைக்கிறான். இரண்டு கிண்ணம், ஒரு தட்டு அவரை. கணக்கு சரி. அந்த அவரையிலும் குழந்தைகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்கிறான். கடைசியாக வரும்போது திருட்டுக்காகக் கால் உடைக்கப்பட்டு, கைகளால் தரையில் நகர்ந்து வருகிறான். இப்போது 4 காசுதான். ஒரு கிண்ணம், அவரை இல்லை. பழைய பாக்கி 19 காசு அப்படியே நிற்கிறது. அந்த நிலையிலும், இது ரொக்கம், மது நன்றாக இருக்கட்டும் என்கிறான். ஒரு மனிதன் இறங்கிப்போவதை லூ சுன் கண்ணீரில் சொல்லவில்லை, சில்லறையில் சொல்லிவிட்டார். கடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். கதை குற்றம்சாட்டுவது அவனுடைய குடியை அல்ல, இந்தச் சிரிப்பை. ஹாஸ்டலில் சிரித்த நானும் அந்தக் கவுன்ட்டரில்தான் நின்றிருக்கிறேன்.

இன்று சீன விருந்துகளின் ராஜா வேறு: பைஜியு. பெரும்பாலும் சோளத்தைப் புளிக்கவைத்து வடிக்கும், தண்ணீர்போலத் தெளிந்த எரிசாராயம். அதில் மௌதாய் 53 சதவீதம். 1972இல் நிக்சனுக்குச் சௌ என்லாய் கொடுத்த விருந்தில் ஊற்றப்பட்டது அதுதான். உள்ளறையில் உட்கார்ந்திருப்பவர்களின் மது என்றால் இன்று இதைச் சொல்லலாம்.

2023 செப்டம்பரில் அந்த மௌதாயைக் கலந்து லக்கின் காபி நிறுவனம் ஒரு லாத்தே விற்றது. முதல் நாளே 54 லட்சம் கோப்பைகள். தள்ளுபடி போக விலை 19 யுவான். கோங் யீஜியின் பாக்கியும் 19 என்பது தற்செயல்தான். ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் வேலை கிடைக்காத சீனப் பட்டதாரிகள் இணையத்தில் தங்களைக் கோங் யீஜி என்று அழைக்க ஆரம்பித்திருந்தார்கள். படிப்பு என்ற அங்கியைக் கழற்றவும் முடியவில்லை, போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போகவும் முடியவில்லை என்றார்கள். அங்கியைக் கழற்றிவிட்டு உழையுங்கள் என்று அரசு ஊடகம் அறிவுரை சொன்னது. கவுன்ட்டர் சிரிப்பின் நாகரிக வடிவம் அது. ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது.

அதே ஆண்டு எனக்கும் வேலை போனது. ஏழு மாதம். “கிடைச்ச வேலைக்குப் போயேன்டா, எதுக்கு இஞ்சினியர்னு வீம்பு?” என்று மாமா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் தினமும் காலையில் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். அந்த மாதங்களில்தான் கதையை மறுபடி எடுத்தேன். கையால் நகர்ந்து வந்தவன் நல்ல மது கேட்கும் இடத்தில் இந்த முறை சிரிப்பு வரவில்லை. கையில் 4 காசுதான். ஆனால் அது கடன் இல்லை, ரொக்கம். தண்ணீர் கலக்காமல் கொடு என்று கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது.