இருபது கிலோ இரும்பு

பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை மட்டமாகக் கிடக்கிறது. அங்கே பழைய ஹெர்குலிஸ் சைக்கிளின் ஏறத்தாழ 20 கிலோ எடை கிளம்பும்போதுதான் தெரியும். ஓட ஆரம்பித்துவிட்டால் பெடலைக் கனமாக்குவது கடலோர எதிர்க்காற்றுதான்.

பரங்கிமலை ஏற்றத்தில் கதையே வேறு. 60 கிலோ எடையுள்ளவர் 8 கிலோ சைக்கிளில் ஏறினால், கால்கள் மேலே தூக்குவது 68 கிலோ. ஹெர்குலிஸில் அது 80. கியரும் கிடையாது. பாதியில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

ஆனால் சொகுசு? 1949இல் சென்னையில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் இந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங், நன்றாகச் சாய்ந்த முன் ஃபோர்க், நீண்ட சட்டம், 28 அங்குலச் சக்கரம். குண்டும் குழியுமான தெருவிலும் முதுகு தப்பிக்கும். அந்தப் பெருமை எடைக்கு அல்ல, வடிவமைப்புக்கே சேரும்.