குருதியிலுள்ள கேதலிசிடின் நிமோனியாவின் கடுமையைக் கூறுமா?

நிமோனியாவின் கடுமையைக் குருதிச் சோதனை ஒன்றினால் அறிந்துவிடும் முயற்சியில் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளும் முன்வைக்கப்படுகின்றன. அவற்றுள் பெரிதும் பேசப்படுவது, மனித உடலின் ஒரே கேதலிசிடினிலிருந்து கிடைக்கும் எல்எல்-37 ஆகும். இதன் குருதி அளவு கூடினால் நோய் கடுமை என்று கொள்வதா, குறைந்தால் கடுமை என்று கொள்வதா என்னும் அடிப்படை வினாவை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டிற்கும் காரணம் கூற இயலும். தொற்றின்போது நியூட்ரோபில்கள் பெருகித் தம் துகள்களை வெளியேற்றுவதால் அளவு உயரலாம். மறுபுறம், இப்பெப்டைடின் மரபணுவை வைட்டமின் டி தூண்டுகிறது. 2006இல் 'சயன்ஸ்' இதழில் காசநோய்க் கிருமி குறித்து வெளிவந்த ஆய்வு இதனை நிறுவியது. ஆகவே, வைட்டமின் டி குறைந்தவரிடம் பாதுகாப்பு தளர்ந்து அளவு தாழ்ந்துமிருக்கலாம். முடிவு எத்திசையில் வரினும் விளக்கம் ஆயத்தமாக இருக்குமெனில், அக்கருதுகோளைச் சோதித்ததாகக் கொள்ள முடியாது.

அளக்கப்படுவது எது என்பதிலும் தெளிவு வேண்டும். பிளாஸ்மாவில் பெரும்பாலும் இருப்பது எல்எல்-37 அன்று. அதன் முன்வடிவமான எச்கேப்-18 என்னும் புரதமே. நியூட்ரோபில்கள் அதனை வெளியேற்றிய பின்னர் புரோட்டினேஸ்-3 என்னும் நொதி வெட்டுவதாலேயே 37 அமினோ அமிலங்களைக் கொண்ட செயல்வடிவம் தோன்றுகிறது. எலைசாவில் பயன்படும் எதிர்ப்பொருள் இப்பகுதியைப் பற்றுவதாயின், இரண்டையும் பிரித்தறியாது. குருதி உறையும்போதும் நியூட்ரோபில்கள் துகள்களைச் சிந்தக்கூடும் என்பதால், சீரத்தின் எண்ணையும் பிளாஸ்மாவின் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் பொருந்தாது.

இவை செய்முறைக் குறைகள்; திருத்திக்கொள்ளலாம். அவ்வளவு எளிதில் தீராத இடர் வேறொன்று உண்டு. புற்றுநோய் மருந்துகளால் நியூட்ரோபில்கள் அருகிய ஒருவருக்கு நிமோனியா வந்தால், பெப்டைடைத் தரவேண்டிய செல்களே அவரிடம் குறைவு. பிறவியிலேயே நியூட்ரோபில் குறைந்த காஸ்ட்மன் நோயில் எல்எல்-37 குறைபாடு இருப்பது 2002இல் 'லான்செட்' இதழில் பதிவாகியுள்ளது. உயர் அளவே கடுமையின் அடையாளம் என்று கொண்டால், உயிராபத்து மிக்க இத்தகைய நோயாளி எளிய நோயினர் வரிசையில் சேர்க்கப்பட்டு வீட்டிற்கு அனுப்பப்படக்கூடும்.

2003இல் வெளியான கர்ப்-65 அளவீடு மனக்குழப்பம், யூரியா, மூச்சு வீதம், இரத்த அழுத்தம், வயது ஆகிய ஐந்தையே கேட்கிறது. அவற்றுள் யூரியாவுக்கு மட்டுமே குருதி தேவை. இதனோடு பெப்டைடு அளவைச் சேர்த்தால் எத்தனை நோயாளிகள் சரியான பிரிவுக்கு மாற்றப்படுகின்றனர் என்பதைக் காட்டாமல், இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டுக்குரிய பி மதிப்பை மட்டும் தருவது மருத்துவருக்குப் பயன்படாது. நியூட்ரோபில் எண்ணிக்கையைக் கணக்கிற் கொண்ட பின்னும் பெப்டைடு புதிதாக ஏதேனும் சொல்கிறதா என்பதையும் ஆராய வேண்டும். அதற்குப் புதிய சோதனை எதுவும் வேண்டுவதில்லை. வழக்கமான குருதியணு எண்ணிக்கை அறிக்கையே போதும்.