பெட்டி செய்த குற்றமும் செய்யாத குற்றமும்

“கன்ட்ரோலர் போயிடுச்சுங்க.” சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் நாலு வரிசை வாடினால் மெக்கானிக்குக்குப் போகும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. வருகிறவரும் பெட்டியைத் திறந்து ரீசெட் அடித்துப் பார்க்கிறார்; நடக்காவிட்டால் புதுப் பெட்டிக்கு விலை சொல்கிறார். விசாரணை இல்லாமலே தண்டனை.

அந்தப் பெட்டியின் வேலை ரொம்பச் சின்னது. குறித்த நேரத்தில் சோலினாய்டு வால்வுக்கு 24 வோல்ட் ஏ.சி. மின்சாரம் அனுப்ப வேண்டும். நேரம் முடிந்ததும் நிறுத்த வேண்டும். சோதிப்பதானால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். கையியக்கத்தில் ஒரு வால்வை ஓடவிட்டு, எல்லா வால்வுக்கும் பொதுவான காமன் முனைக்கும் அந்த வால்வின் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 24-ஐ ஒட்டிக் காட்டினால் பெட்டி அந்த வால்வுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. பிறகு மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைக் கழற்றி ஓம் பாருங்கள். வால்வின் காயில் (கம்பிச்சுருள்) நன்றாக இருந்தால் பொதுவாக 20 முதல் 60 ஓம் வரை காட்டும். பூஜ்யத்தை ஒட்டினால் ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் கம்பியோ காயிலோ அறுந்திருக்கிறது. ஒரு வால்வு மட்டும் படுத்தால் அதன் தனிக் கம்பி, பல வால்வுகள் ஒரேயடியாகப் படுத்தால் காமன் கம்பி. எலி கடித்த இடத்தையும், வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி ஈரமண்ணில் புதைத்த ஜாயின்ட்டையும் முதலில் தேடுங்கள்.

மின்சாரப் பக்கம் சுத்தம் என்றால் வழக்கு தண்ணீர்ப் பக்கம் போகிறது. மூடாமல் ஒழுகும் வால்வில் டயஃப்ரத்துக்கு அடியில் பெரும்பாலும் மணல் இருக்கும். திறக்காத வால்வுக்கு அழுத்தம் போதுமா என்று பார்க்க வேண்டும். இந்த வகை வால்வுகள் பல, ஒரு பார் அளவுக்காவது அழுத்தம் இருந்தால்தான் ஒழுங்காக இயங்கும். ஒரு பார் என்பது 10 மீட்டர் உயரத் தண்ணீர். தரையிலிருந்து 5 மீட்டரில் தொட்டி வைத்து, மோட்டார் லைனுக்கான வால்வையே அதற்கும் மாட்டிவிட்டு கன்ட்ரோலரைத் திட்டுவதில் நியாயமில்லை.

அதற்காகப் பெட்டியை முழுதாக விடுதலை செய்யவும் மனமில்லை.

முதல் குற்றம், தொடங்கும் நேரம். வழக்கமான கன்ட்ரோலர்களில் அது ஒரு வால்வுக்கானதல்ல, முழு வரிசைக்குமானது. தெரியாமல் நாலு வால்வுக்கு நாலு நேரம் கொடுத்தால், நாலு முறையும் நாலு வால்வும் ஓடும். 20 நிமிடம் வீதம் 80 நிமிடத்தில் முடிய வேண்டிய பாசனம் 320 நிமிடம் இழுக்கும். இதைப் பயன்படுத்துகிறவரின் அறியாமை என்று கடைக்காரர் சொல்வார். ஒரு வரி எச்சரிக்கை கூடக் காட்டாத திரையின் குறை என்பேன் நான்.

இரண்டாவதுதான் கனமானது. பெட்டி சிங்கிள் ஃபேஸில் ஓடுகிறது. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். ஒரு ஃபேஸ் போய் ஸ்டார்ட்டர் மோட்டாரை நிறுத்தினாலும், மற்ற ஃபேஸில் இருக்கும் பெட்டி விழித்திருக்கும். காய்ந்த குழாயின் வால்வைத் திறந்து, நிமிடங்களை எண்ணி, மூடிவிட்டு அடுத்த வால்வுக்குப் போய்விடும். கட்டளையிட்டதோடு சரி, தண்ணீர் பாய்ந்ததா என்று அது கேட்பதே இல்லை. ஒரு வாரம் கழித்து இலை வாடித்தான் நமக்குத் தெரிகிறது. பழுதாகிவிட்ட பெட்டியை மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். பழுதே இல்லாமல் இப்படி ஏமாற்றும் பெட்டியை எந்த மல்டிமீட்டரும் பிடிக்காது.

தினமும் கண்ணில் படும் மாடித்தோட்டத்துக்கு வெறும் டைமர் போதும், தாராளமாக வாங்கலாம். ஆழ்துளைக் கிணறும் மும்முனை மோட்டாரும் உள்ள தோட்டத்துக்கு, ஃப்ளோ மீட்டர் இணைக்க முடியாத கன்ட்ரோலரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் கழற்ற வேண்டாம். மோட்டார் ஓடினால் மட்டும் பெட்டிக்குக் கரன்ட் போகும்படி எலக்ட்ரீஷியனிடம் ஒரு ரிலே வைக்கச் சொல்லுங்கள். ஃபில்டர் அடைத்தால் தெரியும்படி அதற்கு முன்னும் பின்னும் ஆளுக்கொன்றாகப் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். புதுப் பெட்டியின் விலையை அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.