நடிகையின் உடலும் தொழிலாளியின் உடலும்

கவர்ச்சி நடிகையின் வாழ்க்கையைக் கதையாக்குவோர் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கின்றனர். ஏழைப் பெண்ணொருத்தி பட்டணம் சேருகிறாள், உடலைக் காட்டிப் புகழடைகிறாள், கைவிடப்படுகிறாள், மாள்கிறாள். பார்த்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அவள் விதி" என்று வீடு திரும்புகின்றனர். அவ்விதியை எழுதியவன் பிரம்மனா, படமுதலாளியா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

2011இல் வெளிவந்த 'தி டர்ட்டி பிக்சர்' என்னும் ஹிந்திப் படத்தை அண்மையில் ஈப்போவில் நண்பர் சிலரோடு மறுமுறை கண்டோம். 1980இல் 'வண்டிச்சக்கரம்' வாயிலாகப் பெயர் பெற்று, நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, 1996 செப்டம்பர் 23இல் தம் 35ஆம் வயதில் சென்னையில் மறைந்த சில்க் ஸ்மிதாவை நினைவூட்டும் படம் அது. வித்யா பாலன் அதற்காகத் தேசிய விருது பெற்றார், பெறத் தக்கவரே. மிலன் லுத்ரியாவின் இயக்கத்திலும் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. நாயகியின் துணிச்சல், காதல், குடி, தனிமை யாவும் விரிவாய் வருகின்றன. அவள் எந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டாள்? ஒரு காட்சியில் நடிக்க மனமில்லையெனில் யாரிடம் முறையிடுவாள்? உடை மாற்ற மறைவிடம் உண்டா? இவற்றின்மீது படத்தின் நாட்டம் செல்லவேயில்லை. அவளைப் பெண்ணாகப் பார்த்தனர், தொழிலாளியாகப் பார்த்தாரில்லை.

இக்குறை நமக்குப் பெரிதாய்த் தோன்றக் காரணமுண்டு. நாம் பேராக்கில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவர். நம் தாயார் முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து பாராகுவாட் தெளித்தவர். அவருடைய நகங்கள் நிறம் மாறி உதிர்ந்தன. மூக்கில் இரத்தம் வடிந்தது. அக்கம்பக்கத்தார் இரங்கினர், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டனர். அவ்விரக்கம் அவருக்கு ஒரு ஜோடிக் கையுறை வாங்கித் தரவில்லை. 2002இல் தெனாகனித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களின் நோய்களைத் திரட்டி அறிக்கையாய் வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006இல் அதைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் நாளில்தான் அந்நஞ்சு முற்றாய் விலக்கப்பட்டது. ஒப்பாரி செய்யாததை ஓர் அறிக்கை, காலந்தாழ்ந்தேனும், செய்யத் தொடங்கிற்று.

அத்தகைய அறிக்கையொன்று திரையுலகிலும் தோன்றியிருக்கிறது. 2017இல் ஒரு நடிகை கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டதையடுத்து, திரைத்துறைப் பெண்கள் கூடி முறையிட்டனர்; கேரள அரசு நீதிபதி ஹேமாவின் தலைமையில் குழுவொன்றை நியமித்தது. 2019 இறுதியில் தரப்பெற்ற அறிக்கை 2024 ஆகஸ்டு 19இல்தான், அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு, வெளிவந்தது. அணியலங்காரம் ஏதுமற்ற நூல். எனினும் நாம் மேற்கூறிய படத்தினும் நெஞ்சை உலுக்குவது. படப்பிடிப்பிடத்தில் கழிப்பறை இன்மையால் பெண்கள் தண்ணீர் அருந்தாமலே பொழுதைக் கழிக்கின்றனர். சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகின்றனர். எழுத்து மூலமான ஒப்பந்தம் பலருக்கு இல்லை. முன்னர் ஒன்றைச் சொல்லி, படப்பிடிப்பில் அதற்கு மேலும் உடலைக் காட்டுமாறு வற்புறுத்துதலும் உண்டு. துணை நடிகையர் நிலை இன்னும் இழிவு. தோட்டத்துக் காட்டில் மறைவிடம் தேடி அலைந்த நம் பெண்களுக்கு இந்நூலின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

"அரைகுறை ஆடையினர்க்கு என்ன பாதுகாப்பு?" என்பர் சில பெரியோர். கலிபோர்னியாவில் நீலப்படத் தொழிலையே ஒரு பணியிடமாய்க் கொண்டு விவாதித்திருக்கின்றனர். 2012இல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார வாக்காளர்கள் அப்படங்களில் ஆணுறை கட்டாயமென விதித்தனர். 2016இல் அவ்விதியை மாநிலம் முழுதுக்கும் விரிக்கும் யோசனை வந்தபோது நடிகர் பலரே எதிர்த்தனர், யோசனை தோற்றது. எவரும் வழக்குத் தொடுக்கலாம், தம் உண்மைப் பெயரும் வீட்டு முகவரியும் அம்பலமாகும் என்பது அவர்தம் அச்சம். பாதுகாப்பு வேண்டும், அதை வகுக்குமிடத்தில் பாதுகாக்கப்படுவோரின் குரலும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

நம் நாட்டில் நீலப்படம் எடுத்தல் குற்றம். அச்சட்டத்தை மாற்றுமாறு நாம் கோரவில்லை. ஆயின் தொழிலை வெறுப்பது வேறு, தொழில் செய்பவளின் உடல் நலிய விடுவது வேறு. இரவில் இரகசியமாய்ப் பார்த்துக் களித்துவிட்டுப் பகலில் அவளை இகழ்வோர்க்கு ஒழுக்கம் பேசும் உரிமை ஏது? நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் முதல் ஏறக்குறைய எல்லாப் பணியிடங்களுக்கும் விரிந்துள்ளது. அதன் பொருளைத் தோட்டத்தார் உணர்ந்தது போலவே நம் நாடக, படத்துறைத் தோழரும் உணர்தல் வேண்டும்.

எழுத்தாளர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே. இனி நடிகையைப் பற்றி எழுதப் புகுவோர் அவள் கண்ணீரை வருணிக்குமுன், அவளுக்குக் கழிப்பறை இருந்ததா, கையில் ஒப்பந்தம் இருந்ததா, "மாட்டேன்" என்று சொல்லியும் மறுநாள் வேலை இருந்ததா என்று விசாரித்து எழுதுக. அவள் கேட்பது நம் இரக்கத்தையன்று, நியாயத்தை.