பகல் பன்னிரண்டரை மணித் தோடி

கார்த்திகை பாதி தாண்டியதும் சபாக்களின் நிகழ்ச்சி நிரல்கள் வாட்சப்பில் வந்து விழ ஆரம்பித்துவிடும். பிடிஎஃப்பைத் திறந்த உடனே எல்லோரும் பெயர்களைத் தேடுவார்கள். அவர் எங்கே பாடுகிறார், இவருக்கு யார் வயலின், இருபத்தைந்தாம் தேதி எதை விட்டுவிட்டு எதற்குப் போவது. நான் முதலில் பார்ப்பது இடதுபக்கத்துக் கட்டத்தை, அதாவது நேரத்தை. தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் எந்த வேலை எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று அட்டவணை எழுதித்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. முக்கியமான வேலைக்கு எந்த நேரம், பரவாயில்லை என்று ஒதுக்கிவிடுகிற வேலைக்கு எந்த நேரம் என்பதை அந்த அட்டவணையே சொல்லிவிடும்.

கச்சேரி முடிந்ததும் விமரிசனம் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். காம்போதியில் காந்தாரம் சரியாக நின்றதா என்பது வரை எழுதுகிறார்கள். ஆனால் நிரலை யாரும் விமரிசிப்பதில்லை. சங்கீத உலகத்தின் மிகக் கறாரான விமரிசனம் அந்த நிரல்தான் என்பது என் எண்ணம். யாரை ஜனம் காசு கொடுத்துக் கேட்க வேண்டும், யாரைச் சும்மா கேட்டால் போதும், எந்த வாத்தியத்துக்கு எவ்வளவு நேரம், எந்த மொழி கச்சேரியின் எந்தப் பாதியில் என்பதையெல்லாம் அது முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது. பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பு வந்தாயிற்று.

இந்த ஏற்பாடு வானத்திலிருந்து இறங்கியது அல்ல. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928ல் மியூசிக் அகாடமி உருவானது. டிசம்பர் என்பது மாநாட்டுக் காலம், விடுமுறைக் காலம். மார்கழியின் பக்தி மணமெல்லாம் அதன்மேல் பிற்பாடு அழகாகப் பூசிய வர்ணம். இதைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் நல்ல செய்திதான் இது. மனிதர்கள் கூடி வசதிக்காகப் போட்ட ஏற்பாட்டை மனிதர்கள் கூடி மாற்றவும் முடியும்.

கட்டங்களுக்கு வருவோம். பெரிய சபாக்களில் வழக்கமான நாள் இப்படி இருக்கும். காலையில் சொற்பொழிவும் செயல்விளக்கமும். நண்பகலை ஒட்டி ஒரு கச்சேரி, பிறகு இன்னொன்று. நாலு மணிக்கு ஒரு சீனியர், ஆறரை ஏழுக்கு இன்னும் பெரிய சீனியர். பல இடங்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. பகலில் பாடுபவருக்கு ஒன்றரை மணி நேரம், சில இடங்களில் கொஞ்சம் கூட. மாலையில் இரண்டரை மணி நேரம்.

ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வர்ணத்துக்கு ஏழு நிமிஷம். ஒரு கிருதிக்குப் பத்து. சின்ன ஆலாபனையோடு அடுத்த ராகத்துக்குப் பதினெட்டு. நடுவில் கூட்டத்தை எழுப்ப விறுவிறுவென்று ஒன்று, நாலு நிமிஷம். முக்கிய உருப்படி தனியாவர்த்தனத்தோடு சேர்த்து நாற்பத்திரண்டு. துக்கடாவும் மங்களமும் ஏழு. கூட்டிப் பாருங்கள், எண்பத்தெட்டு. மிச்சம் இரண்டு நிமிஷம், தம்புராவைச் சரிபார்க்க. இந்தக் கணக்கில் தோடிக்கு ஆலாபனை பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் போனால் மிருதங்கக்காரர் வயிற்றில் அடிக்க வேண்டும்.

மாலைக் கச்சேரியின் வடிவத்தை அப்படியே சுருக்கி இதற்குள் அடைத்திருக்கிறார்கள். கோளாறு அங்கேதான். இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பை அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் (1890–1967) பெயரால்தான் சொல்கிறோம். வர்ணத்தில் தொடங்கி, பல கிருதிகளை நல்ல காலப்பிரமாணத்தில் அடுக்கி, ராகம் தானம் பல்லவியை அளவோடு வைத்து, கடைசியில் சில்லறை உருப்படிகளோடு முடிப்பது. பல்லவியே பெரும்பங்கை விழுங்கிக்கொண்டிருந்த நீண்ட கச்சேரிகளுக்கு அவர் சொன்ன மாற்று அது. புதிய நகரம், டிக்கெட் வாங்கி வரும் ரசிகர், மைக், கடைசி பஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அந்தக் காலத்தில் அது ஒரு புரட்சி. இப்போது எங்கள் ஆபீஸ் பாஷையில் லெகசி கோட். ஓடுகிறது, ஆகவே யாரும் தொடுவதில்லை. மூன்று மணி நேரத்துக்கு எழுதியதைத் தொண்ணூறு நிமிஷத்தில் ஓட்டினாலும் அதே வரிசை, அதே துக்கடா. தொண்ணூறு நிமிஷத்தில் ஒரே ஒரு ராகத்தைப் பாடுகிறேன் என்று இருபத்திரண்டு வயதுப் பெண் சொன்னால் எத்தனை சபாக்கள் சம்மதிக்கும்?

டி.எம். கிருஷ்ணா இந்த வரிசையைக் கலைத்துப் பார்த்தார். வர்ணத்தை நடுவில் வைத்தார், அதையே முக்கிய உருப்படியாக விரித்தார், பாட்டே வராத ஆலாபனையோடு நிறுத்தினார். டிசம்பர் சீசனில் பாடுவதில்லை என்று 2015ல் அறிவித்துவிட்டு வெளியே போனார். 2024ல் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி அறிவித்தபோது ரஞ்சனி – காயத்ரி உள்ளிட்ட சிலர் சீசனிலிருந்து விலகினார்கள். அந்த மாதம் முழுக்க டைம்லைனில் வேறு பேச்சே இல்லை. எல்லாச் சண்டையும் பெரியாரைப் பற்றி, பிராமணர்களைப் பற்றி, அவருடைய தலைக்கனத்தைப் பற்றி. அவர் கலைத்துப் போட்ட வடிவத்தைப் பற்றி உருப்படியாக நாலு பேர் பேசியதாக ஞாபகம் இல்லை. அவருடைய பரிசோதனைகள் எல்லாமே வென்றன என்று நான் சொல்லமாட்டேன். சில கச்சேரிகளில் வரிசையைக் கலைப்பதே நோக்கமாகிவிட்ட மாதிரி இருந்தது, ராகம் பின்னால் போய்விட்டது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. நிரல் அதைச் செரித்துவிட்டு எப்போதும்போல நாலு மணி, ஏழு மணி என்று நடக்கிறது.

நாகஸ்வரத்தின் கதை இன்னும் மோசம். தொடக்க நாளில் அது இருக்கும். அதன் பெயர் மங்கள இசை. விருந்தினர்கள் உள்ளே வந்து கைகுலுக்கி உட்காரும் நேரத்தில் மல்லாரி ஒலிக்கும், புகைப்படக்காரர்கள் குறுக்கே ஓடுவார்கள். ஆலாபனையை நமக்கு இவ்வளவு பெரிதாக்கிக் கொடுத்த வாத்தியம் இது. கோயில் வீதிகளில் சுவாமி புறப்பாட்டின்போது இரவெல்லாம் ஒரே ராகத்தை விரித்தவர்கள் வாசித்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பாட்டுக்காரர்களையே மாற்றியது என்பதைப் பாட்டுக்காரர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தோடிக்கு இன்றைய நிரலில் இடம் எது? வரவேற்பறை.

‘விருது கொடுக்கிறார்களே’ என்று பதில் வரும். உண்மைதான். திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும், 1998ல் ஷேக் சின்ன மௌலானாவுக்கும் சங்கீத கலாநிதி கிடைத்தது. 2009ல் தவில் வித்வான் வலயப்பட்டி சுப்பிரமணியத்துக்கும் கொடுத்தார்கள். ராஜரத்தினத்துக்குக் கிடைக்கவில்லை, அதை இப்போது பேசிப் பயனில்லை. பொன்னாடையும் பட்டயமும் வருஷத்தில் ஒரு நாள். மிச்ச நாட்களின் ஏழு மணிக் கட்டங்களில் நாகஸ்வரத்தை எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல்களே அதிகம். ‘அது திறந்தவெளி வாத்தியம், அரங்கத்தில் காது கிழியும்’ என்கிறார்கள். அப்படியானால் மைக்கை அணையுங்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் அமரும் அரங்கத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் வாத்தியம் நம்மிடம் அது ஒன்றுதான். அதையும் மைக்கின் முன்னால் நிறுத்திவிட்டு இரைச்சல் என்று சொல்வது என்ன நியாயம்? பரம்பரையாக அதை வாசித்துவந்த சாதிகளுக்கும் சபா நாற்காலிகளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பேசாமல் ‘ஒலியியல்’ என்று பேசுவது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மொழி விஷயம் எல்லோருக்கும் தெரிந்த பழைய வழக்கு என்பதால் சுருக்கமாக. தமிழ்ப் பாட்டுகள் தனியாவர்த்தனத்துக்குப் பிறகு வரும் சில்லறையாக இருந்ததை எதிர்த்துத்தான் 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943ல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார், கல்கியும் டி.கே.சி.யும் மல்லுக்கு நின்றார்கள். இன்று முக்கிய உருப்படியாகக் கோபாலகிருஷ்ண பாரதியோ பாபநாசம் சிவனோ வந்தால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. ஒரு நிறுவனத்தின் வழக்கத்துக்கு எதிராக இன்னொரு நிறுவனத்தைக் கட்டினால் வழக்கம் நகரும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சான்று இது. நேரக் கட்டங்களுக்கு எதிராக அப்படி யாரும் இன்னும் கட்டவில்லை.

எனக்கு ஒரு நண்பன். கல்லூரியில் ஒரே ஹாஸ்டல், இப்போது ஓஎம்ஆரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடம். எட்டு வயதிலிருந்து மிருதங்கம். டிசம்பரில் அவன் மொத்த லீவும் பகல் கச்சேரிகளுக்கே போய்விடும். போன சீசனில் ஒரு சபாவில் கீர்த்தனை முடிந்ததும் பாடகர் அவன் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். வெளியே வந்ததும் கேட்டேன். “அஞ்சு நிமிஷம்டா மச்சான். மோரா கோர்வைக்கே ரெண்டு போயிடும். மிச்சம் மூணு நிமிஷத்துல நான் யாருன்னு எப்படிடா சொல்றது?” பாடகரையும் குறை சொல்ல முடியாது. திரைக்குப் பின்னால் அடுத்த கச்சேரிக்காரர்கள் தம்புராவோடு நின்றுகொண்டிருந்தார்கள், செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனி ஆரம்பித்ததும் ஜனம் கேன்டீனுக்கு எழுந்து போவதைக் கிண்டல் செய்யாத கட்டுரையே கிடையாது. நானும் அடை அவியலுக்கு விரோதி இல்லை. ஆனால் தனியை ஐந்து நிமிஷமாகக் கத்தரித்த நிரலும் எழுந்து போகிறவரும் ஒரே கருத்தைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் காலால் சொல்கிறார், இன்னொருவர் அச்சடித்துச் சொல்கிறார். அதே நண்பனிடம் வேறொரு சபாவில் மூன்று பிளாட்டினம் பாஸ் விற்றுத் தந்தால் நாலு மணிக் கட்டத்துக்கு ‘பரிசீலிப்பதாக’ச் சொன்னார்கள். விற்கவில்லை. பெயர் எழுத வேண்டாம் என்றான், எழுதவில்லை.

பணமில்லாமல் சபா நடக்காது என்பது தெரியும். அரங்க வாடகை, சன்மானம், ஒலி ஆட்கள் என்று செலவு இருக்கிறது. ஸ்பான்சருக்கு ஏழு மணிக்குப் பெரிய பெயர் வேண்டும், அதில் தப்பில்லை. என் வாதம் ஏழு மணியோடு அல்ல. பகல் கச்சேரிக்குத்தான் டிக்கெட் வருமானமே கிடையாதே, பிறகு அங்கே மட்டும் எதற்கு இந்த அவசரம்? இழக்க ஒன்றுமில்லாத இடத்தில்தான் எதையும் செய்து பார்க்கலாம். பகல் இரண்டு கட்டங்களைச் சேர்த்து மூன்று மணி நேரமாக்கி ஒருவருக்கே கொடுங்கள். கச்சேரி எண்ணிக்கை பாதியாகும், வாய்ப்புக் கிடைக்காத இளைஞர்கள் கூடுவார்கள், நிஜமான இழப்புதான் அது. ஒரு சீசனில் ஐந்து இடத்தில் அரைகுறையாகப் பாடுவதா, ஒரு இடத்தில் முழுசாகப் பாடுவதா என்று பாடுகிறவர்களையே கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். ‘இந்த சீசனில் பதினொரு கச்சேரி’ என்று பயோடேட்டாவில் எழுத முடியாது என்பது ஒன்றுதான் தடை.

இந்த வருஷ நிரல்களில் இதுவரை எட்டு என் போனுக்கு வந்திருக்கின்றன. ஏழு மணிக்கு நாகஸ்வரம் ஒன்றிலும் இல்லை. ஒன்றில் மட்டும் பகலில் இரண்டு மணி நேரக் கட்டம் போட்டிருக்கிறார்கள், பாடுவது நான் கேட்டிராத ஒரு பெண். வேலை நாள், பகல் பன்னிரண்டரை. மிருதங்கத்துக்கு எதிரே என் நண்பன் பெயர். அன்றைக்கு எங்களுக்கு ரிலீஸ். லீவு போட்டாயிற்று.