நகைப்பை அஞ்சிய நூலகம்

வரலாற்று நூல்களை விரும்புவோர் கொலைக் கதைகளைக் கையால் தொடுவதில்லை. கொலைக் கதைகளில் மூழ்குவோர் வரலாற்றை விலக்குகின்றனர். அறிவியலோ இருவருக்கும் அயலாகவே நிற்கிறது. இம்மூன்றையும் ஒருசேர விரும்பாதவர் படித்துச் சுவைக்க இயலாத நாவல் ஒன்றைப் பற்றி ஈண்டு எழுத விழைகிறோம். இத்தாலியப் பேராசிரியர் உம்பர்த்தோ எக்கோ 1980இல் வெளியிட்ட ‘ரோஜாவின் பெயர்’ என்பதே அது. வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1983இல் வெளிவந்தது.

ஆண்டு 1327. வட இத்தாலிய மலையொன்றின் மேல் பெனடிக்ட் சபைத் துறவு மடம். ஏழு நாள்களில் துறவியர் ஒருவர்பின் ஒருவராக மாள்கின்றனர். பிரான்சிஸ்கன் துறவியான வில்லியம், அட்சோ என்னும் இளம் நவதுறவியுடன் வந்து துப்புத் துலக்குகிறார். அவர் பாஸ்கர்வில் ஊரினர் என்றதுமே ஷெர்லாக் ஹோம்ஸின் வாசகர்கள் புன்னகைப்பர்.

வில்லியம் அங்கு வந்தது கொலையை ஆராய அன்று. கிறிஸ்துவும் திருத்தூதர்களும் உடைமை ஏதும் கொண்டிருந்தனரா என்ற வழக்கில் இரு தரப்பாரும் சந்திக்க அம்மடம் இடமாயிற்று. இது எக்கோவின் கற்பனையில் பிறந்த வழக்கு அன்று. அவர்களுக்கு உடைமை ஏதுமில்லை என்று வலிந்து சாதிப்பது தப்பறை எனத் திருத்தந்தை 22ஆம் அருளப்பர் 1323இல் அறிவித்தார். பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் செசேனா மிக்கேல் 1328இல் அவிஞ்ஞோன் நகரைவிட்டு இரவோடு இரவாகத் தப்பினார். இந்தப் பின்னணியை அறியாது படிப்போருக்கு அந்த உரையாடல்கள் சலிப்பே தரும். அறிந்தோருக்கோ கொலைகளினும் அவையே நெஞ்சைப் பதறச் செய்யும்.

அறிவியலும் அவ்வாறே. வில்லியம் மூக்குக் கண்ணாடி அணிகிறார், மடத்தார் வியக்கின்றனர். கண்ணாடி செய்யும் கலை தோன்றி இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று 1306இல் பிளாரன்ஸ் நகர மறையுரை ஒன்றில் டொமினிக்கன் துறவி பீசா ஜொர்தானோ கூறினார். வில்லியம் தம் ஆசானாகப் போற்றும் ரோஜர் பேக்கன், வில்லைகள் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திறத்தை விளக்கிய நூலைத் திருத்தந்தை 4ஆம் கிளமெந்துக்காகவே எழுதினார். அறிவியலும் திருச்சபையும் என்றும் பகையே என்று பாடம் படித்து வந்தவர்கள் இங்குச் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கும்.

இனி நூலின் மையத்திற்கு வருவோம். (முடிவை முன்னரே அறிய விரும்பாதோர் இதனையும் அடுத்த பத்தியையும் தாண்டிச் செல்க.) கொலைகளுக்குக் காரணம் ஒரு புத்தகம்: நகைச்சுவையைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதாகக் கருதப்பட்டு, நமக்குக் கிட்டாமற் போன கவிதையியலின் இரண்டாம் பகுதி. பார்வையிழந்த முதிய துறவி ஹோர்கே அதன் தாள்களில் நஞ்சு தோய்த்து வைத்துள்ளார். கிறிஸ்து சிரித்ததாக நற்செய்தியில் இல்லை என்பது அவர் வாதம். அவர் அழுதார் என்பதை யோவான் 11:35இல் படிக்கிறோம். சிரித்ததை எங்கும் படிப்பதில்லை. எளியோர் களைப்பாறச் சிரிக்கட்டும் என்று ஹோர்கேயும் விட்டுக்கொடுக்கிறார். ஆனால் அரிஸ்டாட்டிலின் பெயரால் சிரிப்பு ஒரு கலையாக உயர்ந்துவிட்டால் இறையச்சம் அழியும் என்று நடுங்குகிறார்.

இங்கேதான் நாம் எக்கோவோடு வழக்காட விரும்புகிறோம். ஹோர்கேயின் கதவடைப்பு காலங்கடந்தது. அதே அரிஸ்டாட்டிலின் அறநூலைக் கொண்டே, அளவறிந்த விளையாட்டும் நகையும் ஒரு நற்பண்பு எனப் புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் எழுதிவிட்டார். பொறுத்துக்கொள்ள வேண்டிய பலவீனம் என்று அவர் சொல்லவில்லை. பிறருக்கு மகிழ்வு தராது அவர்தம் மகிழ்வையும் தடுப்பது குற்றம் என்றே கருதினார். அந்தத் தோமாவுக்குப் புனிதர் பட்டம் அளித்தவர் அதே 22ஆம் அருளப்பர். ஆண்டும் அதே 1323. அக்குவினாவின் அழகியலில் முனைவர் ஆய்வு செய்த எக்கோ இதை அறியாதவர் அல்லர். ஆயினும் ஹோர்கேயின் நிழலே வாசகர் மனத்தில் திருச்சபையின் முகமாக எஞ்சுகிறது. தோமாவின் முகம் மங்கிவிடுகிறது. தமிழரான நமக்கு இது இன்னும் உறுத்தும். பரமார்த்த குருவையும் அவருடைய மூடச் சீடர்களையும் படைத்து நம்மைச் சிரிக்க வைத்த வீரமாமுனிவர் ஓர் இயேசு சபைக் குரு அல்லரோ?

விசாரணையாளர் பெர்னார்து கீயை எக்கோ கொடியவராகத் தீட்டியிருப்பதைச் சிலர் குறை கூறுவர். சாயம் சற்று மிகைதான். எனினும் அவர் வழங்கிய தீர்ப்புகளின் ஏடு இன்றும் உள்ளது. நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரோடு தீக்கு ஒப்படைக்கப்பட்டதை அது காட்டுகிறது. பிறருக்குக் கிடைத்த சிறிய தண்டனைகளை எண்ணிக் காட்டி இதை நாம் ஆற்றிக்கொள்ள இயலாது. உண்மையின் பெயரால் இழைக்கப்பட்ட வன்முறைக்காகத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000 மார்ச் 12 அன்று இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அம்மன்றாட்டின் பொருளை உணர விழையும் நம் பொதுநிலையினர், கீயின் விசாரணைக் காட்சியைக் கண் மூடாது படிக்கலாம். 1986இல் வந்த திரைப்படமோ மக்கள் கையால் அவரைச் சாகடித்துப் பார்வையாளரின் ஆத்திரத்தைத் தணித்து அனுப்புகிறது. உண்மையில் அவர் 1331இல் ஆயராக இருந்தே மரித்தார். நாவலிலும் தண்டனையின்றியே புறப்பட்டுச் செல்கிறார். நாவலே நேர்மையானது.

முதல் நூறு பக்கங்கள் கடினம் என்று பலர் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். அவற்றைச் சுருக்குமாறு நண்பர்கள் வேண்டியபோதும் எக்கோ மறுத்துவிட்டார். மடத்தில் ஏழு நாள் தங்க வருவோர் மடத்தின் நடைக்கு இசைய வேண்டும் என்பது அவர் எண்ணம். தியானத்தின் முதல் நாளில் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போரைக் கண்டு பழகிய நமக்கு அது நன்கு விளங்குகிறது.