விளக்கு மங்கியதைப் பார்த்தது யார்?

‘காஸ்லைட்’ படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஜார்ஜ் குக்கோர் 1944இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பேட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய நாடகத்திலிருந்து பிறந்தது. லண்டனில் ஒரு வீடு. போலா என்ற பெண்ணுக்கு, அவளை வளர்த்தவள் விட்டுச்சென்ற வீடு. வளர்த்தவள் கொலையுண்டதும் அதே வீட்டில்தான். கணவன் கிரிகரி அவளை அங்கேயே குடிவைக்கிறான். பிறகு பொருட்கள் காணாமல் போகின்றன. சுவரில் மாட்டிய படம், அவன் பரிசாகக் கொடுத்த நகை, அவனுடைய கடிகாரம். எல்லாவற்றையும் எடுத்து ஒளிப்பவன் அவனே. நீதான் எடுத்தாய், நீதான் மறந்தாய் என்று சொல்பவனும் அவனே. இரவு அவன் வெளியே கிளம்பிப் போனதும் அவள் அறையின் எரிவாயு விளக்கு மெல்ல மங்குகிறது. மேலே காலடிச் சத்தம் கேட்கிறது. பூட்டிய மாடியில் அவன் கொலையுண்டவளின் நகைகளைத் தேடிக்கொண்டிருக்கிறான்; அங்கே விளக்கேற்றினால் கீழே சுடர் தாழும். போலா வேலைக்காரர்களைக் கேட்கிறாள். சமையல்காரிக்குக் காது மந்தம். இளைய பணிப்பெண்ணுக்கு எஜமானியின் மேல் மரியாதை இல்லை, எஜமானன் மேல்தான் கண்.

காவல்துறையைச் சேர்ந்த ஒருவன் வீட்டுக்கு வருகிறான். அவன் எதிரிலேயே விளக்கு மங்குகிறது. ஆமாம், மங்கியது, நானும் பார்த்தேன் என்கிறான். அந்தக் கணத்தில் இங்க்ரிட் பெர்க்மன் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகத்தான் நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன். அந்த ஆண்டின் ஆஸ்கர் அவருக்குக் கிடைத்ததும் அந்த முகத்துக்காகத்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் மகிழ்ச்சி தணிந்த பிறகு ஒரு கேள்வி முள்ளாக நிற்கிறது. அவள் இத்தனை இரவும் பார்த்தது இதே விளக்கைத்தானே? அவன் ஒருமுறை பார்த்ததும் அது உண்மையாகிவிட்டது. அவள் நூறு முறை பார்த்தபோது அது நரம்புத் தளர்ச்சி.

இந்தப் படத்தின் பெயரிலிருந்து வந்த சொல்லை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2022ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. என் மாணவிகள் இப்போது எதற்கெடுத்தாலும் ‘கேஸ்லைட் பண்றான் மேம்’ என்கிறார்கள். காதலன் இரண்டு மணி நேரம் பதில் போடாததற்கும் அதே சொல். சொல் பரவட்டும், எனக்கு வருத்தமில்லை. படத்தில் அந்தச் சித்திரவதைக்குக் கீழே ஒரு சொத்து இருந்தது என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். அவள் பெயரிலுள்ள வீடு, அவளுக்கு வரவேண்டிய நகை. பைத்தியம் என்று நிரூபித்துவிட்டால் இரண்டும் அவன் கையில்.

ரசிகையாக நான் ஒழுங்கற்றவள். அறிவியல் புனைவு, திகில், குடும்பப் படம் என்று பிரித்து அடுக்கி வைத்துப் பார்க்கத் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு மேல், விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எது கிடைக்கிறதோ அதைப் பார்ப்பேன். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒன்று பிடிபட்டது. விண்கலமோ பழைய பங்களாவோ நீதிமன்றமோ, ஒரு பெண் சொல்கிறாள், யாரும் நம்புவதில்லை. பேயும் வேற்றுக்கிரக உயிரியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. சில படங்களில் அந்த நம்பாமைதான் பேய்.

‘ரோஸ்மேரிஸ் பேபி’யில் அப்படித்தான். 1968. அயரா லெவின் நாவலை ரோமன் பொலான்ஸ்கி படமாக்கினார். நியூயார்க்கில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம், இளம் தம்பதி, அளவுக்கு மீறி அன்பு காட்டும் பக்கத்து வீட்டு முதியவர்கள். பக்கத்து வீட்டம்மா கொடுத்தனுப்பிய சாக்லேட் இனிப்பில் சுண்ணாம்புத்தூள் போல ஏதோ ருசி இருக்கிறது என்கிறாள் ரோஸ்மேரி. அப்படி ஒன்றும் இல்லை, நன்றி கெட்டவள் போல் பேசாதே என்ற தொனியில் கணவன் கடிந்துகொள்கிறான். முதல் மறுப்பு நாக்குக்கு. அவள் வாயில் உள்ள ருசியைக்கூட அவன்தான் தீர்மானிக்கிறான். மறுநாள் காலை உடம்பெல்லாம் நகக்கீறல். நீ மயங்கிக் கிடந்தாய், கருத்தரிக்கும் நாளை வீணாக்க வேண்டாமென்று நானே முடித்துவிட்டேன் என்கிறான், சிரித்துக்கொண்டு. படத்தில் சாத்தான் வருகிறான்; ஆனால் என் முதுகுத்தண்டில் குளிர் ஏறியது இந்தச் சிரிப்பில்தான். அந்தப் பொய்யையே அவன் சாதாரண விஷயமாகச் சொல்ல முடிகிறது. அன்றைய அமெரிக்காவில் மனைவியைக் கணவன் வன்புணர்வது எந்த மாநிலத்திலும் குற்றமில்லை. எல்லா மாநிலங்களிலும் குற்றமாக 1993 ஆனது. நமக்கு இன்னும் ஆகவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவிலிருந்த கணவனுக்கான விதிவிலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவுக்குள் அலுங்காமல் குடிபெயர்ந்துவிட்டது. மனைவிக்குப் பதினெட்டு நிரம்பியிருந்தால் போதும்.

கர்ப்பத்தில் மாதக்கணக்காக வலி. புத்தகம் படிக்காதே, தோழிகள் சொல்வதைக் கேட்காதே என்கிறார் பெரிய மருத்துவர். கடைசியில் அவள் தப்பியோடி, முன்பு பார்த்த இளம் மருத்துவர் ஒருவரிடம் போகிறாள். அவர் பொறுமையாகக் கேட்கிறார். படுத்து ஓய்வெடுங்கள் என்று அறையைக் காட்டுகிறார். அவள் நிம்மதியாகக் கண்ணயர்கிறாள். கதவு திறக்கும்போது அவருடன் கணவனும் பெரிய மருத்துவரும் நிற்கிறார்கள். இளம் மருத்துவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே இல்லை. கெட்ட எண்ணமும் கிடையாது. ஒரு கர்ப்பிணி உளறுகிறாள், அவளுடைய பொறுப்பாளிகளுக்குத் தகவல் சொன்னார், அவ்வளவுதான். சாத்தானை வழிபடுகிறவர்களைவிட இந்த நல்ல மனிதரைத்தான் நான் வாழ்க்கையில் அதிகம் சந்தித்திருக்கிறேன்.

இந்தப் படத்தைப் பாராட்டிவிட்டு நகர முடியாது. பதின்மூன்று வயதுச் சிறுமியுடன் சட்டவிரோத உடலுறவு கொண்டதாக 1977இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் பொலான்ஸ்கி. தண்டனைக்கு முன்பே, 1978இல், நாட்டை விட்டு ஓடினார். பெண்ணுக்கு அவள் உடல்மீது நடந்ததையே மறுக்கும் உலகத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டத் தெரிந்த கை அது. கலை வேறு, கலைஞன் வேறு என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். நான் படத்தைப் பார்க்கிறேன், பாடம் நடத்துகிறேன், ஒவ்வொரு முறையும் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

‘ஏலியன்’ (1979) பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு கதவு போதும். வெளியே போன கேன் முகத்தில் ஏதோ ஓர் உயிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைவன் உள்ளே விடச் சொல்கிறான். அந்த நேரத்தில் கலத்துக்குள் பொறுப்பில் இருப்பவள் ரிப்ளி. இருபத்துநான்கு மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும், விதி அது, திறக்க மாட்டேன் என்கிறாள். அறிவியல் அதிகாரி ஆஷ் பேசாமல் கதவைத் திறந்துவிடுகிறான். ரிப்ளி சொன்னதைக் கேட்டிருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும். ஆஷ் ஓர் எந்திரம் என்றும், உயிரியைக் கொண்டுவர வேண்டும், ஊழியர்கள் செத்தாலும் பரவாயில்லை என்பதே நிறுவனத்தின் ஆணை என்றும் பின்னால் தெரிகிறது. அதை அவள் கண்டுபிடித்ததும் ஆஷ் ஒரு பத்திரிகையைச் சுருட்டி அவள் வாய்க்குள் திணிக்கிறான். கொல்ல எத்தனையோ வழி இருக்க வாயை அடைப்பதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தாங்கள் என்ன காட்டுகிறோம் என்று தெரிந்தே இருக்கும். இறுதியில் ரிப்ளியை உள்ளாடையோடு நிற்கவைத்த காமிராவை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’ (1986) சத்தம் கூடிய படம்; ஆனாலும் ஐம்பத்தேழு ஆண்டு உறங்கி எழுந்தவளை விசாரணைக் குழு உட்காரவைத்து, கலம் என்ன விலை தெரியுமா என்று கேட்கும் காட்சி இருக்கிறதே, அது போதும். உரிமத்தைப் பறித்து அனுப்புகிறார்கள். அதே இயக்குநரின் ‘டெர்மினேட்டர் 2’ (1991) படத்தில் சாரா கானர் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருக்கிறாள். முதல் படத்தில் நாம் கண்ணாரப் பார்த்ததைச் சொன்னதுதான் அவள் நோய்.

ராபர்ட் ஸெமெக்கிஸின் ‘கான்டாக்ட்’ (1997) கொஞ்சம் நின்று பேச வேண்டிய படம். எல்லி ஆரோவே வானியலாளர். வேற்றுலகிலிருந்து வந்த செய்தியைப் பிடித்தவள். பயண எந்திரத்தில் ஏறி, பதினெட்டு மணி நேரம் எங்கோ போய் வந்ததாகச் சொல்கிறாள். பூமியில் இருந்தவர்கள் கண்டது, அவள் ஏறிய குடுவை நேராகக் கடலில் விழுந்ததை மட்டும். விசாரணையில் சான்று கேட்கிறார்கள். இல்லை என்கிறாள். இருந்தும், தான் அனுபவித்ததை மறுக்க முடியாது என்கிறாள். கார்ல் சேகனின் மூல நாவலில் (1985) ஐந்து பேர் பயணம் போகிறார்கள். அவர்களில் ஓர் இந்தியப் பெண் அறிவியலாளரும் உண்டு. படம் நால்வரையும் இறக்கிவிட்டு ஒருத்தியைத் தனியாக அனுப்பியது. ஐந்து பேர் ஒரே கதையைச் சொன்னால் ஒருத்தியை விசாரிப்பது போல விசாரிக்க முடியாது. கடைசியில் ஒரு சங்கதி. அவளுடைய பதிவுக் கருவியில் வெறும் இரைச்சல்தான் இருக்கிறது, ஆனால் பதினெட்டு மணி நேர இரைச்சல். இது அதிகாரிகள் இருவருக்குத் தெரியும். அவளுக்குச் சொல்வதில்லை.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் மதுரை நினைவுக்கு வராமல் போகாது. கண்ணகி அரசவையில் பேசியதால் மட்டும் அவள் சொல் நிற்கவில்லை. சிலம்பு உடைந்தது, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தது. பாண்டியன் வீழ்ந்தது பரலைக் கண்டு. சிலம்பு இல்லாமல் வந்திருந்தால்? அல்லது கோப்பெருந்தேவியின் சிலம்பிலும் மாணிக்கமே இருந்திருந்தால்? இதை வகுப்பில் கேட்டால் ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடும். எல்லியின் சிலம்பு அந்தப் பதினெட்டு மணி நேரப் பதிவு. அதை அவைக்கே கொண்டுவராமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகக் குழு வேண்டும். பாதிக்குக் குறையாமல் பெண்கள், தலைமையும் பெண். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அத்தகைய குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். பெயரும் விவரமும் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். புகார் கொடுத்தவளிடம் முதல் கேள்வியாக வந்தது, ‘யாராவது பார்த்தாங்களாம்மா?’ என்பது. கேட்டவர் ஒரு பெண். அன்பாகத்தான் கேட்டார். ரோஸ்மேரியின் இளம் மருத்துவர் போல. ஆள் பார்க்கிற இடத்தில் அதைச் செய்ய அவனுக்கென்ன பைத்தியமா என்று நான் சொன்னது குறிப்பேட்டில் ஏறவில்லை.

ஆள் பார்க்காத இடத்தையே படமாக எடுத்தவர் லீ வானல். எச்.ஜி. வெல்ஸின் ‘தி இன்விசிபிள் மேன்’ 1897இல் வந்த நாவல். கண்ணுக்குத் தெரியாமல் போன அறிவியலாளனின் கதை. 1933இல் வந்த படமும் அவன் கதைதான். வானல் 2020இல் கதையைத் திருப்பி, அவனிடமிருந்து தப்பியவளிடம் கொடுத்தார். சிசிலியா நள்ளிரவில் காதலனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு வெளியேறும் முதல் காட்சியில் கிட்டத்தட்ட வசனமே இல்லை. பிறகு அவன் செத்துவிட்டான் என்று செய்தி வருகிறது. அவள் நம்பவில்லை. காமிரா அவளை விட்டு விலகி, காலி நாற்காலியையும் காலி மூலையையும் பார்க்கிறது, அங்கே ஒன்றுமில்லை. நாம் அங்கே அவனைத் தேடத் தொடங்குகிறோம். விட்டு வந்த பிறகும் அவன் வீட்டில் எங்கோ நிற்கிறான் என்று சொல்லும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். சாவியைத் திருப்பும் சத்தத்துக்கே நடுங்குகிறவர்கள். அந்தக் காலி மூலை அவர்களுக்குப் புரியும். உணவகத்தில் தங்கையின் கழுத்து அறுபட்டு, கத்தி சிசிலியாவின் கையில் வந்து சேரும்போது ஊரே சாட்சி. முதல்முறையாக எல்லோரும் பார்த்தார்கள், பார்த்ததெல்லாம் பொய்.

முடிவுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அவள் அவன் கண்டுபிடித்த உடையையே அணிந்து, வீட்டுக் காமிராவின் எதிரில் அவன் தற்கொலை செய்துகொண்டது போல் அவனைக் கொல்கிறாள். காமிரா சாட்சி. நண்பனான காவலரிடம், உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாள். அவன் புரிந்துகொண்டு, தற்கொலை போலத்தான் இருந்தது என்கிறான். அரங்கில் கைதட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் தட்டினேன். உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் யாரும் நம்பவில்லை. அவள் திறமையாக ஒரு பொய்யைத் தயாரித்ததும் நம்பிவிட்டார்கள்.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு ஒரு படம்தான் தோன்றுகிறது, அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019). ஸ்வப்னா காணொளி விளையாட்டு வடிவமைப்பவள். புத்தாண்டு இரவில் அவளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு இருட்டென்றால் உடல் நடுங்குகிறது. கையில் குத்திய பச்சை ஓராண்டு கழித்து எரிகிறது. காரணம் மருத்துவத்துக்கு அடங்காதது. படத்தில் குறைகள் உண்டு. நடுவில் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு போல் சில நிமிடங்கள் இழுக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் காலம்மா இருக்கிறார். சமைக்கிறார், துணைக்குப் படுக்கிறார், திட்டுகிறார், மருத்துவரிடம் கூட்டிப் போகிறார். வினோதினி வைத்தியநாதன் கொஞ்சமும் மிகையில்லாமல் நடித்திருக்கிறார். ஸ்வப்னா சொல்வது உண்மையா, சான்று உண்டா என்று விசாரிக்கும் வேலையைக் காலம்மா எடுத்துக்கொள்ளவே இல்லை. அவளுக்குப் பயமாக இருக்கிறது என்பது தெரியும். விளக்கைப் போட்டு வைக்கிறார்.